அவிழ வேண்டிய தையல்

இதோ, கையை வைத்துவிட்டார். பின்கழுத்துக்குக் கீழே, அந்தச் சின்ன வளையத்தில். விரலை உள்ளே விட்டு ஒரே இழுப்பு. சாம்பல் நிற அங்கி மொத்தமும் காலடியில் விழும், உள்ளிருந்து மஞ்சள் வரும். கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர்கூட நிமிர்ந்து உட்காருவார். தைத்தது யாரென்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டாம். எனக்குத் தெரியும். முன்னதாகப் பிரிந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன்.

இப்படி நினைத்துக்கொண்டு, மேடையோரத் திரையின் மடிப்பைப் பிடித்தபடி சின்னவள் நின்றிருந்தாள். மேடையில், பல வருடம் சிறையிலிருந்தவளை வெளியே அனுப்பும் கடைசிக் காட்சி. சிறைக்காவலராக நடிப்பவர் நாயகியின் பின்னால் நின்றார். பேச்சு இல்லை, இசை இல்லை. அவர் இழுத்தார்.

ஒன்றும் விழவில்லை.

மறுபடி இழுத்தார். நாயகி ஓர் அடி பின்னால் தள்ளாடி வந்தாள். மூன்றாம் முறை இழுத்தபோது அவள் தொண்டையிலிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது. அது நாடகத்தில் இல்லாதது. காவலர் கையை எடுத்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். விடுதலை உத்தரவை விளக்குக்கு நேராகப் பிடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுல கையெழுத்து இல்லையேம்மா. நாளைக்கு வா."

திரை இறங்கியது.  அரங்கில் கைதட்டல். யாரோ ஒரு பெண் விம்மி அழுதது திரைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"என் கழுத்தை அறுத்துட்டு அழ வேற வைக்கிறார்," என்றாள் நாயகி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

"நான் என்ன பண்ண? உன் சட்டை உன்னை விடமாட்டேங்குது," என்றார் காவலர். அவர் கண் சின்னவள் பக்கம் வந்து, உடனே வேறெங்கோ போய்விட்டது. அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

*

சின்னவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது. ஆனாலும் அவள் சின்னவள்தான். அக்காவுக்குத் தங்கை என்பதால் வந்த பெயர். அம்மா போன பிறகு அக்கா சோறு போட்டாள், படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள்; அந்தக் கல்யாணம் நிலைக்காமல் திரும்பி வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் மாடி அறையைப் பெருக்கி வைத்தாள். அக்காவைப் பற்றி வெளியில் ஒரு குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று சின்னவள் உண்மையாகவே நம்பினாள். உள்ளுக்குள்ளும் சொன்னதில்லை. ஒன்றைத் தவிர.

அக்காவுக்குச் சொந்தத் தையல்கடை. வீட்டின் முன்னறைதான் கடை. அவள் கையில் தைத்த சட்டை கிழியுமே தவிரத் தையல் விடாது என்று தெருவே சொல்லும். அந்தக் கடையில் சின்னவளுக்கு ஹூக் வைப்பது, பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது. அவ்வளவுதான். தைத்து முடித்ததை அக்காவின் மேஜையில் வைப்பாள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு தடவை பார்ப்பாள். பிறகு பாதி பிளேடை எடுத்து, தங்கை தைத்த தையலை ஒவ்வொன்றாக அறுத்து, நூல் துணுக்குகளை ஊதித் தள்ளிவிட்டு, தானே மறுபடி தைப்பாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். முகம் சுளிக்கமாட்டாள். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். சில நாள் கூடவே பாடக்கூடச் செய்வாள்.

திட்டினால் பதில் சொல்லலாம். பாட்டுப் பாடிக்கொண்டே பிரிப்பவளிடம் என்ன சொல்வது? தான் தைக்காமலே இருந்திருந்தால் அக்காவுக்கு ஒரு வேலை மிச்சமாகியிருக்கும் என்று மட்டும் தோன்றும். அந்த எண்ணம் வருடக்கணக்கில் அவளுக்குள் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டது.

நாடக அரங்குக்கு அவள் முதலில் போனது கோட்டு கொடுக்க. உடையறையில் வேலை குவிந்துபோய், சில கோட்டுகளின் ஓரத்தை மடிக்க அக்காவின் கடையில் கொடுத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு போன நேரத்தில் ஒத்திகையில் காவலரின் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. உடையறைப் பொறுப்பில் இருந்த பெண்ணின் விரலில் அன்று பெரிய கட்டு. வாய் நிறைய குண்டூசிகளைக் கவ்வியபடி, "ஊசி பிடிப்பீங்களா?" என்று கேட்டாள். குண்டூசிகளுக்கு நடுவே எப்படிப் பேசுகிறாள் என்ற ஆச்சரியத்திலேயே சின்னவள் தலையாட்டிவிட்டாள்.

காவலர் கால்சட்டையைக் கழற்றவில்லை. நேரமில்லை. திரும்பி நின்றார்.

"அம்மா, துணியை மட்டும் தைங்க. பின்னாடி நான் உக்காரணும்," என்றார்.

தைத்து முடித்ததும் அவர் குனிந்தார், தாவினார், தரையில் விழுந்து எழுந்தார். தையல் நின்றது. யாரும் அதைப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சின்னவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். யாரும் பிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர்களாகவே கூப்பிட்டார்கள். அக்கா, "கூத்து பாக்கப் போறியா, தைக்கப் போறியா?" என்று சிரித்தாள். தடுக்கவில்லை. கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

*

உடையறை மேடைக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே நடிப்பவர்களின் காலடிச் சத்தத்தை வைத்தே எந்தக் காட்சி என்று சொல்லிவிடலாம். பொறுப்பில் இருந்தவளை எல்லோரும் குண்டூசி என்றே கூப்பிட்டார்கள். சின்னவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவள். மேலதிகாரியை எப்படிக் குண்டூசி என்று கூப்பிடுவது? சின்னவள் முதலில் மேடம் என்றாள். "மேடம்னா யாரோ ஆடிட்டர் வந்த மாதிரி இருக்கு," என்று அவள் மறுத்துவிட்டாள். அதிலிருந்து சின்னவள் அவளை எந்தப் பெயரும் சொல்லாமல், "இங்க பாருங்க" என்றே ஓட்டிவந்தாள். அவளோ முதல் நாளே சின்னக்கா என்று ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. சட்டையில் வரிசையாகப் பட்டன்கள் இருக்கும், எதுவும் கழலாது. அவை மேலே தைத்த பொய்ப் பட்டன்கள். அடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பொத்தான்கள், இருட்டில் ஒரே இழுப்பில் திறக்க. மடிப்புக்குள்ளே துணியைத் தாராளமாக விட்டுத்தான் தைக்க வேண்டும்; இன்றைக்கு ஒல்லியாக இருப்பவர் போடுவார், அடுத்த வருடம் வேறொருவர் போடுவார். அக்கா கடையில் உள்ளே அவ்வளவு துணி விட்டால் அசிங்கம். இங்கே அதை வெட்டினால் குற்றம். கண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தால் அசட்டுப் பெரிதாகத் தெரியும் பூவேலை, பத்து வரிசை தள்ளிப் போனால் உயிர் பெறும்.

"கிட்ட நின்னு பாக்காதீங்க சின்னக்கா," என்று குண்டூசி அடிக்கடி சொல்வாள். "போய்க் கடைசி வரிசையில நின்னு பாத்துட்டு வாங்க. நாம அவங்களுக்குத் தைக்கிறோம்."

சின்னவள் முதலில் இஸ்திரி போட்டாள். பிறகு வியர்வையில் இற்றுப்போன அக்குள் துணிகளை மாற்றினாள். பிறகு கை பொருத்தினாள். முதல் கை முன்பக்கம் பின்பக்கமாக மாறிப்போய், போட்டுப் பார்த்த நடிகர் எதையோ தேடுகிறவர் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். குண்டூசி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு துணியை அவளிடமே கொடுத்தாள். "பிரிங்க. மறுபடி பொருத்துங்க," என்றாள். நீங்களே. சின்னவள் அதை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தபோது கண் கலங்கியதற்குக் காரணம் அவமானம் என்று குண்டூசி நினைத்துக்கொண்டாள். அது அவமானம் இல்லை. தன் தப்பைத் தன் கையாலேயே பிரிக்கக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இந்தப் புது நாடகத்துக்குச் சிறை அங்கியை முழுக்க அவளே வெட்டித் தைக்கட்டும் என்று குண்டூசி சொன்னாள். நன்றாக வந்தால் இஸ்திரிப் பெட்டியை விட்டுத் தையல்காரியாகவே வேலையில் எடுத்துக்கொள்வார்கள். இயக்குநரிடம் பேசியாகிவிட்டது.

அங்கியின் முதுகில் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே தையல். அதைத் தைக்க ஒற்றை நூல் மெஷின் ஒன்று இருந்தது. சாக்கு தைக்கிற கடையிலிருந்து வாங்கியது.

"அரிசி மூட்டை பிரிச்சிருக்கீங்களா சின்னக்கா? சரியான முனையைப் பிடிச்சு இழுத்தா பர்ருனு மொத்தமா வருமே. அதே சங்கிலித் தையல்தான். கீழேருந்து மேலே தைக்கணும். முடியற இடத்துலேருந்துதான் பிரியும். முடியற இடத்துல நூலை நீளமா விட்டு, வளையம் கட்டி, காலர் பட்டைக்குள்ள செருகிடணும். அவ்வளவுதான். ஒரு முடிச்சு கிடையாது. ஒவ்வொரு காட்சிக்கும் புதுசா தைக்கணும்."

"நடுவுல பிரிஞ்சிட்டா?"

"பிரியாது. தப்பான பக்கம் இழுத்தா யானை இழுத்தாலும் வராது. சரியான பக்கம் இழுத்தா குழந்தைகூடப் பிரிச்சிடும்."

உடையோடு நடந்த ஒத்திகையில் அங்கி அழகாக விழுந்தது. கீழ் ஓரத்தில் அவள் வைத்துத் தைத்திருந்த ஈயக் குண்டுகளின் கனம் துணியை முன்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மஞ்சள் பாவாடை விளக்கில் எரிந்தது. காவலர் உத்தரவுத் தாளை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

*

முதல் காட்சி முடிந்து உடையறைக்கு வந்ததும் குண்டூசி வாயிலிருந்த ஊசிகளையெல்லாம் எடுத்து மேஜையில் வைத்தாள். அவள் வாயைக் காலியாகச் சின்னவள் பார்த்ததேயில்லை. அங்கியைத் திருப்பிப் போட்டு, காலர் பட்டையை விலக்கி, வளையத்துக்கு அடியில் நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"இது என்ன சின்னக்கா?"

"முடிச்சு."

"யார் போட்டா?"

"நான்தான்."

"ஏன்?"

ஒத்திகைக்குப் பிறகு புதிதாகத் தைத்து, வளையம் கட்டி, பட்டைக்குள் செருகியாகிவிட்டது. மேலே ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் நூல் தனியாகத் தொங்கிக்கொண்டிருப்பது அவள் கண்ணை உறுத்தியது. முடியாத தையல். அரங்கு நிறைய ஆட்கள் இருக்க, ஒரு பெண்ணின் முதுகில் முடியாத தையல். ஊசியை எடுத்ததுகூட நினைவில்லை. இரண்டு பின்தையல், ஒரு முடிச்சு. சின்னதுதானே, இழுத்தால் அறுந்துவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது அறுந்துபோகிற முடிச்சு இல்லை. அக்கா சொல்லிக்கொடுத்த ஒரே முடிச்சு அது.

"தெரியலை. கை போட்டுடுச்சு. அக்கா கத்துக்குடுத்த முடிச்சு," என்றாள்.

குண்டூசி திட்டவில்லை. பெருமூச்சு விட்டாள்.

"இயக்குநர் தையலுக்குப் பதிலா வெல்க்ரோ ஒட்டச் சொல்றார். மேடையில அவ்வளவு அமைதி. அதுல போய்க் கிர்ருனு கேக்கும். அவ சிறையிலேருந்து வெளிய வர்றாளா, எவனாவது பார்சல் பிரிக்கிறானான்னு தெரியாது. நாளை மத்தியானக் காட்சி ஒண்ணே ஒண்ணு குடுங்கன்னு கேட்டு வாங்கியிருக்கேன். வந்தா நீங்க தையல்காரி. வரலைன்னா வெல்க்ரோ. அப்புறம் உங்களை எடுத்துக்கோங்கன்னு நான் வாயைத் திறக்க முடியாது சின்னக்கா."

"நான் வேணும்னா..."

"வேற யாரையும் வெச்சுத் தைக்கிற எண்ணமில்லை. நீங்கதான் தைக்கணும்," என்று சொல்லிவிட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

*

வீட்டில் அக்கா முகத்தைப் பார்த்தவுடனே தட்டை வைத்தாள். "முதல்ல சாப்பிடு." சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்கவில்லை. பிறகு கேட்டாள். சின்னவள் சொன்னாள். காவலர் சொன்ன வசனத்தைச் சொன்னபோது அக்காவின் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, அக்கா பார்த்த பார்வையில் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"முடிச்சு போட்டதா தப்பு?" அக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "முடிச்சு போடாம எவளாவது தைப்பாளா?"

"அது பிரிய வேண்டிய தையல்க்கா."

"பிரியறதுக்கு எதுக்குடி தைக்கணும்?"

 மாலையிலிருந்து சின்னவளும் தன்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியிலிருந்தே பேசினாள். "போதும்டி. யார் யாரோ உன்னை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறதுக்கா இவ்வளவு நாள் வெச்சுக் காப்பாத்தினேன்? நாளைக்கு நானே வந்து தைச்சுத் தரேன். பேர் கெடாம வெளிய வந்துடு. திங்கக்கிழமையிலேருந்து கடைக்கு வா. எனக்கும் முன்ன மாதிரி முதுகு வளைய மாட்டேங்குது."

சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

*

மறுநாள் உடையறைக்கு முதலில் வந்தது அவள்தான். அங்கியை அளவுப் பொம்மைக்கு மாட்டவில்லை, மடியில் போட்டுக்கொண்டாள். ஒற்றை நூல் மெஷினில் கீழிருந்து மேலாகத் தைத்தாள். நூலை நீட்டிவிட்டாள். வளையம் கட்டினாள். கை தானாக ஊசிப் பெட்டிப் பக்கம் போனது. அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுப் பூனை பால் பக்கம் போவதைப் பார்க்கிற மாதிரி. கை திரும்பி வந்தது.

வளையத்தை இழுத்தாள். பர்ர்ர். முதுகு இரண்டாகப் பிரிந்தது.

மறுபடி தைத்தாள். இழுத்தாள். மறுபடி.

 முதலில் ஒவ்வொரு இழுப்பிலும் அக்காவின் பிளேடின் சத்தம் ஞாபகம் வந்தது, கூடவே ரேடியோப் பாட்டு. போகப்போக அந்தச் சத்தம் வேறாகக் கேட்க ஆரம்பித்தது. பிளேடுக்குத் தையல் எப்படி இருந்தாலும் ஒன்றுதான்; நல்ல தையலையும் அறுக்கும், கோணல் தையலையும் அறுக்கும். இந்த இழுப்பு அப்படியில்லை. நடுவில் ஒரே ஒரு கண்ணி தவறியிருந்தாலும் அந்த இடத்தில் சிக்கி நின்றுவிடும். ஆரம்பித்த இடம்வரை ஓடி வருகிறது என்றால், நடுவில் எல்லாமே சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அவள் தையலைப் பிரித்துப் பார்த்து யாரும் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. இப்போது தையலே சொல்லிற்று.

பிரிவதற்கு எதற்குத் தைக்க வேண்டும் என்று அக்கா கேட்டாளே. ஒருத்தி அதிலிருந்து வெளியே வரத்தான். அவ்வளவு எளிய பதில் நேற்று ஏன் வாயில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, காட்சிக்கான தையலைத் தைக்க உட்கார்ந்தாள். இதை இழுத்துப் பார்க்க முடியாது. இழுத்தால் போயிற்று. இதை நம்பத்தான் வேண்டும்.

குண்டூசி வந்தாள். தரையில் கிடந்த சுருள் சுருளான நூலைப் பார்த்தாள். "எலி ஏதாவது வந்துதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மஞ்சள் பாவாடைக்கு இஸ்திரி போடப் போனாள்.

அக்கா சொன்னபடியே வந்தாள். வாசலில் யாரிடமோ வழி கேட்டு, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, கையில் தன் தகர டப்பாவோடு. அந்த டப்பாவில்தான் அவள் ஊசி, நூல், பாதி பிளேடு எல்லாம் இருக்கும். நல்ல புடவை கட்டியிருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். தொங்கும் ராஜாக்களையும் போலீஸ்காரர்களையும் பார்த்தாள்.

"இவங்கதான் பெரியக்காவா? உக்காருங்க," என்றாள் குண்டூசி. "உங்க கைமுடிச்சு ரொம்பப் பிரமாதம். நேத்து கத்தரி போட்டுதான் பிரிச்சேன்."

அது பாராட்டா குத்தலா என்று தெரியாமல் அக்கா பாதிச் சிரிப்போடு உட்கார்ந்தாள். "அவ சின்னப் பொண்ணும்மா. கொஞ்சம் பாத்து விடுங்க," என்றாள். குண்டூசி நாற்பது வயதுச் சின்னப் பொண்ணைத் திரும்பிப் பார்த்தாள். வாயில் ஊசி இருந்ததால் சிரிக்க முடியவில்லை.

அக்கா கையை நீட்டினாள். சின்னவள் அங்கியைக் கொடுத்தாள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். தையலை மேலிருந்து கீழே விரலால் தடவினாள். அவள் விரல் எங்கே நிற்கும் என்று சின்னவள் காத்திருந்தாள். அது எங்கேயும் நிற்கவில்லை.

"நீயா தைச்சே?"

"ஆமாக்கா."

"நேராத்தான் வந்திருக்கு." அக்கா சொன்னாள். யாரோ வேறொருவரின் தையலைப் பார்ப்பதுபோல இன்னொரு தடவை பார்த்தாள். உள்ளே விட்டிருந்த துணியின் அகலத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பிறகு காலர் பட்டைக்கு வந்தாள். நூல், வளையம், தொங்கிய முனை.

"இதான் குறை. இங்கதான் விட்டுட்டே."

டப்பா திறந்தது. ஒரே முயற்சியில் ஊசியில் நூல் ஏறியது.

மேலே காலடிச் சத்தங்கள். நாயகி மஞ்சள் பாவாடையோடு வந்து கையை விரித்து நின்றாள், அங்கிக்காக. கழுத்தில் நேற்றைய சிவப்புக் கோடு லேசாகத் தெரிந்தது. அக்காவையும் ஊசியையும் பார்த்தாள். சின்னவளைப் பார்த்தாள். 

"ஒரே ஒரு முடிச்சுடி. வெளிய தெரியவே தெரியாது. நான் போடற முடிச்சு, இழுத்தா விட்டுடற மாதிரி இளக்கமாப் போடறேன். இத்தனை பேர் முன்னாடி அந்தப் பொண்ணு முதுகு திறந்துக்கிட்டா என்ன பண்ணுவே?"

அக்காவின் குரலில் பயம் இருந்தது. அதைச் சின்னவள் முதல் தடவையாகக் கேட்டாள். இத்தனை வருடமும் பாட்டுப் பாடிக்கொண்டே பிரித்தாளே, அதற்கு அடியிலும் இதுதான் இருந்திருக்குமோ. தங்கை தைத்தது எங்காவது விட்டுப்போய், யாராவது ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்று. கல்யாணம் விட்டுப்போனபோது சொன்னார்களே, அந்த மாதிரி. அக்கா மேல் அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது கோபம் இல்லை. அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும் போலிருந்தது.

அவள் அங்கியை அக்கா மடியிலிருந்து எடுத்தாள். பிடுங்கவில்லை, எடுத்தாள். வளையத்தைப் பட்டைக்குள் செருகினாள். மேலே ஒரு விரலால் நீவிவிட்டாள்.

"வேண்டாம்க்கா."

"பிரிஞ்சிடும்டி."

"ஆமா. பிரியும்."

குண்டூசி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.  சின்னவள் நாயகியின் தலைவழியே அங்கியை இறக்கி, தோளைச் சரிசெய்து, ஓரத்தின் ஈயக் குண்டுகள் நேராகத் தொங்குகின்றனவா என்று குனிந்து பார்த்தாள். நாயகி தோளை ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டு, படியேறிப் போனாள். அந்த முதுகு இருட்டுக்குள் போகும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூல் கோத்த ஊசி இன்னும் அவள் கையில் இருந்தது. அதை டப்பாவில் வைக்கவும் இல்லை.

"சரி," என்றாள் கடைசியில். "நீ சொன்னா சரி. நான் மேலே உன்கூடவே நிக்கிறேன், திரைக்குப் பின்னாடி. ஏதாவது ஆச்சுன்னா ஊசியும் நூலுமா ஆள் வேணுமில்ல?"

சின்னவள் அவள் கையிலிருந்து ஊசியை மெதுவாக வாங்கி, நூலோடு டப்பாவில் வைத்து, மூடியை அழுத்தினாள்.

"வேண்டாம்க்கா. நீ போய் எதிர்ல உக்காரு. கடைசி வரிசையில. அங்கேருந்துதான் நல்லாத் தெரியும்."